மறு: 'கோட்டா குயிக்கி' – தமிழில்?

செ.: அன்புள்ள குழுவினருக்கு, பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல் 1936-இல் எடுத்த 'கிரவுன் வெர்சஸ் ஸ்டீவன்ஸ்' படத்தை எங்கள் திரைப்படச் சங்கத்தில் திரையிடுகிறோம். வட்டிக்கு விடுபவர் ஒருவர் சுடப்படுகிறார். அந்த இடத்தில் தன் முதலாளியின் மனைவியைப் பார்த்துவிடுகிறான் குமாஸ்தா. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், முடிந்தது படம். 1927 சட்டப்படி பிரிட்டனில் உள்நாட்டுப் படங்களுக்கு ஒரு பங்கு தந்தாக வேண்டியிருந்தது. அதை நிரப்ப அமெரிக்க விநியோகஸ்தர்கள் ஓர் அடி படச்சுருளுக்கு ஒரு பவுண்டு கணக்கில் விரைவாக எடுக்கவைத்த படங்களுக்குத்தான் 'கோட்டா குயிக்கி' என்று பெயர். இதுவும் அவற்றில் ஒன்று. அறிமுகத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஒதுக்கீட்டு விரைபடம்' சரியா?

மா.: 'விரை' என்றால் விதை, நறுமணம் என்றும் பொருள். உரியியலில் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். துனைபடம்! அழகான வினைத்தொகை. 'கடி'க்கும் விரைவு என்ற பொருள் உண்டு. ஆனால் கடிபடம் என்றால் இன்று யாரும் வரமாட்டார்கள்.

ர. (யாழ்ப்பாணம்): ஐயா, 'துனை'யை அச்சகத்தில் 'துணை' என்று திருத்திவிடுவார்கள். திருத்தினாலும் பொருந்தும், இவை பெரும்பாலும் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய துணைப்படங்கள்தான்! அப்புறம், செ. அக்கா, உங்கள் வரைவில் அந்தப் பெண்ணைக் 'குற்றவாளி' என்று போட்டிருக்கிறீர்கள். தீர்ப்பு வரும்வரை சந்தேகநபர்தான். எங்கள் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறோம்.

கு.: தமிழ்நாட்டில் 'ஒதுக்கீடு' என்றால் கல்வி, வேலைவாய்ப்புதான் நினைவுக்கு வரும். 'பங்கீடு' என்றால் ரேஷன். காலையில் துப்புரவுப் பெண்கள் பெருக்கும்போது காலி அரங்கில் ஓட்டிக் கணக்குக் காட்டினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனவே, 'கணக்குப்படம்'. எல்லாருக்கும் புரியும்.

ர.: அது வசை. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத்தான் பவல் தொழில் கற்றார். கலைச்சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

செ.: நேரமில்லை, நண்பர்களே. பெரும்பாலோர் தனிமடலில் 'ஒதுக்கீட்டுப்படம்' போதும் என்கிறார்கள். அதையே போடுகிறேன். 'சந்தேகநபர்' திருத்திவிட்டேன், நன்றி.

மா.: போடுங்கள் அம்மா, ஆனால் நான் உடன்படவில்லை. 1938 சட்டம் குறைந்தபட்சச் செலவை விதித்த பிறகு வந்தவையும் ஒதுக்கீட்டுப்படங்களே. அவை குயிக்கி அல்ல. இரண்டையும் எந்தச் சொல்லால் பிரிப்பீர்கள்?