செயற்கைக்கோள் பாதி வானில் அணைவதற்கு என்ன சொல்?

நண்பர்களே,

வான்நோக்குக் கையேட்டின் சொல்லடைவில் ஓரிடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. மாலையில் பன்னாட்டு விண்வெளி நிலையம் தென்மேற்கில் கிளம்பி, தலைக்கு மேலே வந்து, கிழக்கே சாயச் சாயப் பளிச்சென்று ஆகிறது. வடகிழக்கில் பாதி உயரத்தில் இருக்கும்போதே ஆளைக் காணோம். மேகமில்லை, மலையுமில்லை, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. வரைவில் இதற்கு ‘மறைவு’ என்று இருக்கிறது. அடிவானத்தில் இறங்குவதும் மறைவுதான், நிலா ஒரு விண்மீனை மூடினால் அது மறைப்பு. புதிதாகப் படிப்பவர் முழிப்பார்.

நமக்கு இந்தச் சொல் கூடுதலாகவே தேவைப்படும். லண்டனில் சூன் நள்ளிரவில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு 15 பாகைதான் கீழே போகிறது, 420 கி.மீ. உயரத்தில் போகும் நிலையத்துக்கு இரவு முழுக்க வெயில். குமரியோ 8 பாகை அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்கும். அது 20 பாகை கீழே போனதும் உச்சியில் வரும் நிலையம் இருண்டுவிடும். சூரியன் மறைந்து 80 முதல் 90 நிமிடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேற்குப் பாதி வானில் மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். ஆக, இங்கே பார்க்கிற மாலைக் கடப்புகளில் (நிலையம் நம் வானத்தைக் கடந்து போவதுதான் கடப்பு) பல பாதியில் அணைகிறவை.

‘நிழல்நுழைவு’ சரிவருமா?

— தக்கலை

*

> ‘நிழல்நுழைவு’ சரிவருமா?

புதுச்சொல் எதற்கு ஐயா? நிலா இதே நிழலுக்குள் போனால் சந்திர கிரகணம் என்கிறோம். இயற்பியல் ஒன்றுதான். செயற்கைக்கோள் கிரகணம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் விளங்கும்.

— நாகர்கோவில்

*

இயற்பியல் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலையம் ஒரு நாளில் பூமியை 15, 16 தடவை சுற்றுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் நிழலுக்குள் போய் வருகிறது. கிரகணம் என்றால் நம் ஆட்கள் கோயில் நடை சாத்துவார்களா என்று கேட்பார்கள்.

‘நுழைவு’ பற்றித்தான் எனக்குத் தயக்கம், அண்ணாச்சி. வாசலைத் தாண்டுவது மாதிரிச் சட்டென்று நடப்பதாக ஒலிக்கிறது. சில வினாடி ஷட்டரைத் திறந்து வைத்துப் படமெடுத்தால் நிலையம் ஒரு கோடாக விழும், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் நுனி எலிவால் போலச் சிறுத்து, கடைசியில் லேசாகச் செம்மை தட்டியிருக்கும். எட்டு, பத்து வினாடி மங்கல் அது. கோளுக்கு அப்போது சூரியன் அத்தமிக்கிறது. கடைசி வெளிச்சம் பூமியின் காற்றுமண்டலத்தை உரசிக்கொண்டு போய் அதன்மேல் விழுகிறது.

கோடு முடிவதற்கு மூன்று காரணம் உண்டு, சொல்லடைவில் இதையும் சேர்க்கலாம். ஷட்டர் மூடியிருந்தால் நுனி கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும், அடுத்த படத்தில் கோடு தொடரும். மேகமானால் பக்கத்து விண்மீன்களும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். நிழலென்றால் விண்மீன்கள் அப்படியே இருக்க, கோடு மட்டும் தேயும்.

இந்தத் தேய்வு படத்தில் விழ வேண்டுமென்றால் 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800, 10 வினாடிப் படங்களை ஒரு வினாடி இடைவெளியில் தொடர்ந்து எடுங்கள். உச்சியில் நிலையம் வினாடிக்கு ஒரு பாகை ஓடும், ஒரு படத்தில் 10 பாகைக் கோடு கிடைக்கும். பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நீள்பதிவு இரைச்சல் நீக்கம் என்று கேமராவில் ஒன்று இருக்கும், அதை அணைக்க மறக்க வேண்டாம். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் இன்னொரு 10 வினாடி இருட்டுப் படம் எடுக்கும். கோட்டில் பாதி போய்விடும், பெரும்பாலும் நுனி விழவேண்டிய பாதிதான் போகும்!

வடமேற்கிலிருந்து தென்கிழக்கே போகும் கடப்பென்றால் வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரை நல்லது, எதிரே மலையில்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஈரக்காற்றில் அதன் ஒளி படத்துக்குள் பட்டை பட்டையாக விழும். லென்ஸில் படியும் உப்பை ஊதித் தட்டிவிட்டு, அப்புறம்தான் ஈரத்துணி.

சொல்லுக்கு வருகிறேன். ‘பொழுது அடையுமுன்னே வந்துரு’ என்கிறோம், ‘கோழி அடைஞ்சாச்சு’ என்கிறோம். ஆகவே ‘நிழலடைவு’. நிழலைச் சேர்வதும் பொழுது சாய்வதும் ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

— முட்டம்

*

கிரகணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அடைவில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். பள்ளிக்கூடத்தில் கற்றல் அடைவு, நூலகத்தில் நூலடைவு, ஈழத்தில் நகையை அடைவு வைக்கிறார்கள். இந்தப் பேச்சே சொல்லடைவுக்காகத்தான். விடியற்காலை நேர்மாறாக நடக்கிறதே, அதற்கு என்ன? வெறும் வானத்தில் திடீரென ஒரு புள்ளி தோன்றிக் கிழக்கே போகும்.

— நாகர்கோவில்

*

தனியே நின்றால்தான் குழப்பம். ‘நிழல்’ முன்னால் ஒட்டிக்கொண்டபின் யாரும் அடகுக்கடையை நினைக்கமாட்டார்கள். விடியற்காலைக்கு ‘நிழல்விடிவு’ என்று வைத்துப் பார்த்தேன். நிழலே விடிகிறது என்று பொருள் திரும்புகிறது. ‘நிழல்விடுகை’ போதும். அழகு குறைவுதான், பொருள் தப்பாது.

பதிவு இப்படிப் போகிறது:

நிழலடைவு: வெயில்பட்டுத் தெரிந்த செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய் மங்கி அணைதல். அடிவான மறைவிலிருந்து வேறானது. கடப்பு நேரங்களைத் தரும் ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தின் பட்டியலில் ‘முடிவு’ உயரம் 10 பாகை என்றிருந்தால் கோள் அடிவானத்தை நெருங்கி முடிகிறது. 35, 50 என்று இருந்தால் நிழலடைவு. இருப்பிடத்தைச் சொந்த ஊருக்கு அமைத்தபின்பே பார்க்கவும். சென்னைப் பட்டியல் இங்கே உதவாது, 600 கி.மீ. தள்ளி நின்றால் உயரம், திசை, அணையும் இடம் எல்லாமே மாறும்.

கடப்பு அட்டவணையின் கடைசிப் பத்தியை ‘முடிவு / நிழலடைவு’ என்று மாற்றியிருக்கிறேன். முட்டத்து அண்ணன் அந்த எலிவால் படத்தை அனுப்பினால் பதிவுக்குப் பக்கத்திலேயே போடலாம்.

— தக்கலை