சபை ரெண்டாகும்போல இருக்கிறது, எதை முதலில் செய்வது?

மஞ்சக்குப்பம்_செயலர்:
கடலூரில் எங்களுடையது எந்தப் பெரிய திருச்சபையிலும் சேராத தனிச்சபை, சங்கமாகப் பதிவு செய்தது, சுமார் 120 குடும்பம். கட்டிட நிதிக் கணக்கில் ஆரம்பித்த சண்டை, பாஸ்டர் பக்கம், கமிட்டி பக்கம் என்று பிரிந்து, போன ஞாயிறு வாசலில் கைகலப்பு வரை போய்விட்டது. உடனே பொதுக்குழு கூட்டி பாஸ்டரை நீக்கு என்கிறார்கள் சிலர். புதுச்சேரியில் கிளைச்சபையும் உண்டு. வழி சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
பிரதர், பொதுக்குழுவை இப்போது கூட்டாதீங்க. யாருக்கு ஓட்டு உண்டு என்பதே முடிவாகாமல் ஓட்டெடுத்தால், தோற்ற பக்கம் அங்கத்தினர் பட்டியலே பொய் என்று கோர்ட்டுக்குப் போகும். சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஒரு தேதியை ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு, அன்றைய அங்கத்தினர் பதிவேட்டைப் பைலாப்படி (சங்க விதிப்படி) சரிபாருங்கள். அதற்குப் பிறகு சேர்த்த பெயர்களை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது பணமும் மேடையும். காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு ஒரே மேசையில், தரப்புக்கு ஒருவராக உட்கார்ந்து எண்ணி, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை பேங்கில் கட்டுங்கள். பேங்குக்குக் கடிதம் போவதானால் ரெண்டு தரப்பும் சேர்ந்தே கொடுங்கள்: சம்பளம், கரண்ட் பில் தவிர வேறெதற்கும் பணம் எடுக்கக் கூடாது என்று. ஒரு தரப்பு மட்டும் கொடுத்தால் கணக்கு மொத்தமும் முடங்கி, கோயில்பிள்ளை (ஆலயப் பணியாள்) சம்பளமே நின்றுபோகலாம். ஆறு வாரத்துக்கு இருவருக்கும் ஏற்ற வெளிப் போதகர் பிரசங்கிக்கட்டும். மேடையிலிருந்து மறைமுகமாகக் குத்திப் பேசும் ஒரு பிரசங்கம் போதும், மாதக்கணக்கில் பேசியதெல்லாம் வீண். மூலப்பத்திரம், மினிட் புத்தகம், பதிவேடு மூன்றையும் பக்கம் விடாமல் ஜெராக்ஸ் எடுத்து இருவரிடமும் ஒவ்வொரு செட் கொடுங்கள்.

உப்பலம்:
சட்டப் பக்கம். உங்கள் சங்கம் தமிழ்நாட்டின் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வரும். புதுச்சேரிக் கிளை அங்கே தனியாகப் பதிவாகியிருந்தால் மத்திய அரசின் 1860 சங்கப் பதிவுச் சட்டம். ரெண்டையும் ஒரே தீர்மானத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 36வது பிரிவில் மூன்றில் ஒரு பங்கு அங்கத்தினரோ கமிட்டியில் பெரும்பான்மையோ மனு கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். ஆனால் எந்தக் கமிட்டி உண்மையானது என்ற சண்டையை அவர் தீர்க்க முடியாது, அது சிவில் கோர்ட் வேலை.

கைகலப்பு தொடர்ந்தால் விஷயம் போலீஸ் வழியாக ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 164. அதில் யார் கையில் இடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள், யாருக்குச் சொந்தம் என்று அல்ல. அவசரமென்றால் 165இல் கட்டிடத்தையே ஜப்தி செய்யலாம். பூட்டுத் தொங்கினால் ரெண்டு தரப்புக்கும் ஆராதனை இல்லை.

மூப்பர்_லாசுப்பேட்டை:
ஐயா, கணக்கையும் மனஸ்தாபத்தையும் ஒரே கூட்டத்தில் பேசுவதுதான் நடக்கிற பெரிய தப்பு. கணக்கை இருவருக்கும் சம்பந்தமில்லாத ஆடிட்டரிடம் பில்லோடு கொடுங்கள். அறிக்கை வரும்வரை 'திருடன்' என்ற வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது. மூப்பன் (சபையை நடத்துகிறவர்) மேல் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. அதைப் பாஸ்டருக்குக் கேடயமாகவும் ஆக்கக் கூடாது, அடுத்த வசனமே பாவம் செய்தவரை எல்லார் முன்னும் கடிந்துகொள்ளச் சொல்கிறது. மத்தேயு 18இன் வரிசை மனஸ்தாபத்துக்கு: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியாகத்தான் சபையில். வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர் கடைசிப் படியில் ஆரம்பிக்கிறார்.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் மீதான பாலியல் புகார் இருந்தால் சமரசப் பேச்சே கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும்.

மஞ்சக்குப்பம்_செயலர்:
ஸ்தோத்திரம் ஐயா. அப்படியும் பிரிந்தே தீருவோம் என்றால்?

மூப்பர்_லாசுப்பேட்டை:
பைபிளில் சேர்ந்து ஊழியம் செய்த பவுலும் பர்னபாவும்கூடப் பிரிந்தார்கள். எழுதிவைத்துப் பிரியுங்கள். சங்கத்துச் சொத்தை ஆளாளுக்குப் பங்கு போட முடியாது, அதைப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலரும் மறப்பது கல்லறைத் தோட்டம்: போகிற குடும்பங்களின் அப்பா அம்மா அங்கேதான் இருப்பார்கள், அடக்க உரிமை தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஞானஸ்நான, திருமணப் பதிவேடு பழைய சபையிலேயே இருக்கட்டும், யார் வந்து கேட்டாலும் நகல் தரவேண்டும் என்பதும் ஒரு வரியாக வரட்டும்.