மறு: தான்தோன்றி எண்ணா, பிறவா எண்ணா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘செல்ஃப் நம்பர்’ (self number) என்கிற எண்ணுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். குமரி ஐயா ‘தான்தோன்றி எண்’ என்று போட்டதும் நாலைந்து பேர் உடனே ஆமோதித்து, சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டதால் இப்போது எழுதுகிறேன். ஏற்றுவதற்கு முன்னால் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் கட்சி ‘பிறவா எண்’. கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக, முதலில் சங்கதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு எண்ணை எடுங்கள், அதன் இலக்கங்களைக் கூட்டுங்கள், கிடைத்ததை அந்த எண்ணோடேயே சேருங்கள். 23 என்றால் 2+3=5, 23+5=28. இப்போது 28-க்கு இலக்கங்களின் கூடுதல் 10, ஆக 38. அதற்கடுத்து 49, அப்புறம் 62, இப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம், முடிவே கிடையாது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம். ஒரு எண்ணைக் கையில் கொடுத்து, இது எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். 28 வந்தது 23-லிருந்து. சரி, 20 எதிலிருந்து வந்தது? 10 போட்டால் 11, 11 போட்டால் 13, 12 போட்டால் 15, 13-க்கு 17, 14-க்கு 19, 15-க்கு 21. 19-க்கும் 21-க்கும் நடுவில் 20 விட்டுப்போய்விட்டது. ஓரிலக்க எண்கள் எல்லாம் இருமடங்காகத்தான் ஆகும், அதனால் 18-ஐத் தாண்டாது. 16-லிருந்து மேலே எதைப் போட்டாலும் 20-ஐக் கடந்துவிடும். ஆக 20-ஐப் பிறப்பிக்க ஒரு எண்ணும் இல்லை.

இந்த மாதிரி எண்கள் 1, 3, 5, 7, 9, அப்புறம் 20, 31, 42, 53, 64, 75, 86, 97. 20-லிருந்து 11, 11 ஆகக் கூடிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். 97-க்கு அடுத்ததும் அதே கணக்கில் 108, நம் அர்ச்சனை எண்ணேதான். ஆனால் 108-க்கு அடுத்து 119 வரவில்லை, 110 வருகிறது, அங்கிருந்து மறுபடி 121, 132 என்று 11 கணக்கு. வகுப்பில் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் 97 வரை சரசரவென்று வந்துவிடுவார்கள், 110-ல்தான் நின்று யோசிப்பார்கள்.

இவற்றைக் கண்டு சொன்னவர் கப்ரேகர். 1905-ல் பிறந்தவர், நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். 1949-ல் 6174-ஐக் கண்டவரும் இவரேதான். (எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு கழித்தலுக்குள் 6174-ல் வந்து நிற்கும். மூன்று இலக்கத்துக்கு 495.) இந்தியாவில் கணித வட்டாரத்தில் அவரைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1975-ல் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்டனர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தார். நாம் பெயர் தேடும் இந்த எண்களுக்குத் தேவ்லாலி எண்கள் என்று அவர் ஊரை வைத்தே ஒரு பெயர் உண்டு. கொலம்பிய எண்கள் என்று பிற்பாடு வந்த இன்னொரு பெயரும் உண்டு. ஊர்ப்பெயர் அவருக்கு மரியாதை, அதை அடிக்குறிப்பில் கட்டாயம் போட வேண்டும். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லித்தராது.

இனி தான்தோன்றிக்கு வருகிறேன். குமரி ஐயா கேட்டது இது:

> கரூர் தான்தோன்றிமலை, ஆக்கூர் தான்தோன்றியப்பர் என்று ஆயிரம் வருஷமாகப் புழங்கும் சொல் நம்மிடம் இருக்கும்போது புதிதாக எதற்கு உருவாக்க வேண்டும்?

ஐயா, சொல் அழகான சொல். பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது, யாரும் செதுக்காமல் தானே தோன்றியது என்பதைவிட 20-க்கு நல்ல வர்ணனை கிடையாது. கோயிலில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பெருமை வேறு. ஆனால் கோயிலுக்கு வெளியே வந்தால் தமிழ்நாட்டிலேயே அதன் கதி என்ன? ‘தான்தோன்றித்தனமாக முடிவெடுத்தார்’ என்றுதான் செய்தித்தாளில் வருகிறது. எங்கள் பக்கம் இன்னும் மோசம். நான் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரம், வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம். இங்கே தமிழ்வழி வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பக்கத்து வீட்டில் இரண்டும். மலையாளத்தில் ‘தாந்தோன்னி’ என்றால் யார் சொல்லுக்கும் அடங்காத போக்கிரி. திட்டுகிற வார்த்தை. இழையில் இந்தச் சொல் வந்ததைப் பார்த்துவிட்டு, எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் பார்ப்போம் என்று போர்டில் ‘தான்தோன்றி எண்கள்’ என்று எழுதி, கீழே 20, 31, 42 என்று போட்டேன். முதல் பெஞ்சில் ஒருத்தி வாசித்தாள், வாசிக்கும்போதே றகரம் போய் னகரமாகிவிட்டது, பின்னால் ஒரு பையன் எழுந்து ‘டீச்சரே, அப்ப 20 யார்கிட்ட அடி வாங்குச்சு?’ என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அன்று முழுக்க 31 ஒரு ரவுடி, 42 ஒரு ரவுடி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ‘பிறப்பிக்க வேறொரு எண் இல்லாதது’ என்கிற கருத்து அதில் காணாமல் போய்விட்டது, ‘அடங்காத எண்’ என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

எல்லையோரத்து ஒரு தாலுக்காவுக்காக மொத்தத் தமிழுக்கும் சொல்லை மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சித்தூர் தாலுக்கா மட்டுமில்லை, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, அந்தப் பக்கம் குமரி, செங்கோட்டை வரை மலையாளம் காதில் விழுந்துகொண்டே வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கேரளத்தில் தமிழ்வழிப் பாடநூலும் அச்சாகிறது. இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற சொல் கிடைக்கும்போது ஒரு பக்கம் இடறுகிற சொல்லை எடுப்பானேன்?

‘தாயில்லா எண்’, ‘தாயிலி’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். முடிவிலி போல இலி விகுதி நன்றாக அமைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேண்டாம். அம்மா இல்லாத பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும், அது உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல்லை முப்பது பேர் சேர்ந்து ஒப்பிக்க முடியாது. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ‘தன்னெண்’ ஆங்கிலத்தை அப்படியே எடுத்து வைத்தது, தமிழில் கேட்டால் ஒன்றும் புரியாது, விட்டுவிடலாம்.

பிறவா எண்ணுக்கு வருவோம். பகா எண் என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. பகாத எண், பகா எண். அதே அச்சில் பிறவாத எண், பிறவா எண். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கண வகுப்பில் படித்ததைப் பிள்ளைகள் கணக்கிலும் பார்ப்பார்கள். பகா எண்ணுக்கு வகுத்துப் பார்க்கிறோம், 1-உம் அதே எண்ணும் தவிர எதுவும் வகுக்கவில்லை. பிறவா எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறோம், எதுவும் பிறப்பிக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டுமாக இருக்கிற எண்ணும் உண்டு, 31, 53, 97 எல்லாம் பகா எண், பிறவா எண்ணும்கூட. ‘பிறவா’ என்றால் இல்லாத எண் மாதிரி ஒலிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பிறவா வரம் வேண்டும் என்று கும்பிடுகிற ஊர் நம்முடையது, நம் காதுக்கு அது குறைச்சலான சொல் இல்லை, உயர்த்திச் சொல்கிற சொல்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பகா எண்ணுக்கு எதிரே பகு எண் இருப்பது போல, பிறவா எண்ணுக்கு எதிரே என்ன வைப்பது? பகு போலவே வினைத்தொகையாக்கினால் ‘பிற எண்’, அது ‘மற்ற எண்’ என்று பொருள்பட்டுவிடும், முடியாது. ‘பிறவி எண்’ என்றால் எண் கணித ஜோசியக்காரர்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறார்கள். ‘பிறந்த எண்’ணும் பிறந்த தேதிப் பக்கம் இழுக்கிறது. என் எண்ணம், இதற்குத் தனிச்சொல்லே தேவையில்லை. 1 முதல் 100 வரை பிறவா எண்கள் 13-தான், மீதி எல்லாம் எதிலிருந்தோ வந்தவை. அதிகமாக இருப்பதற்குப் பெயர் வைக்காமலே காலம் தள்ளலாம். பிறப்பிக்கிற எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘பிறப்பாக்கி’ சரியான சொல், அங்கே மின்பிறப்பாக்கி என்று புழக்கத்தில் உள்ளதும் தெரியும். சுருக்கமாக ‘பிறப்பி’ என்று வைத்தால் போதும் என்று படுகிறது. 28-இன் பிறப்பி 23. 20-க்குப் பிறப்பி இல்லை. வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடுகிறது பாருங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இழையில் யாரும் இன்னும் தொடவில்லை. ஒரு எண்ணுக்கு இரண்டு பிறப்பி இருந்தால்? அப்படி முதலில் வருவது 101. 91-ஐ எடுங்கள், 9+1=10, 101. 100-ஐ எடுங்கள், 1 சேர்த்தால் அதுவும் 101. 2025 அப்படிப்பட்ட எண்தான், 1998-க்கு இலக்கங்களின் கூடுதல் 27, சேர்த்தால் 2025, 2016-க்கு 9, சேர்த்தால் அதுவும் 2025. (இன்னொரு விசேஷம், 45-இன் வர்க்கம் 2025, நடுவில் வெட்டி 20+25 போட்டால் திரும்ப 45. இதற்குத்தான் கப்ரேகர் எண் என்று பெயர், இதையும் தேவ்லாலி எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வருஷங்களில் 2007-க்கும் 2022-க்கும் பிறப்பியே கிடையாது, வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள். 1956, அதாவது இந்த எல்லைக்கோடு போட்ட வருஷம், 1941-லிருந்து வருகிறது.

இரண்டு பிறப்பி உள்ள எண்ணை ஆங்கிலத்தில் ஜங்ஷன் நம்பர் என்கிறார்கள். ‘சந்தி எண்’ என்று வைத்துவிடலாம், ஜங்ஷனுக்கு நம் சொல் அதுதானே என்று ஒரு தம்பி தனிமடலில் சொன்னார். இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 91-லிருந்து ஒரு பாதை வருகிறது, 100-லிருந்து ஒரு பாதை வருகிறது, 101-ல் சேர்ந்து 103-க்கு ஒரு பாதையாகப் போகிறது. உள்ளே இரண்டு, வெளியே ஒன்று. மூன்று பாதை கூடினால் தமிழில் முச்சந்தி! அப்படியானால் 101 ஒரு முச்சந்தி எண். மூன்று பிறப்பி இருந்தால் வெளியே போகிற பாதையையும் சேர்த்து நான்கு, அது நாற்சந்தி எண். அப்படி ஒன்று உண்டா? உண்டு, 1-க்குப் பின்னால் பன்னிரண்டு சுழி போட்டு ஒரு 1, அதாவது 10000000000001. அதைவிடச் சின்னது கிடையாது. அதன் பிறப்பிகள் 10000000000000, 9999999999901, 9999999999892. முதலாவதற்கு 1 சேர்க்க வேண்டும். இரண்டாவதில் பதினோரு 9, ஆக 99, கூட 1, மொத்தம் 100. மூன்றாவதில் பத்து 9-க்கு 90, மிச்சம் 8+9+2=19, மொத்தம் 109. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ஒரே இடத்தில் வந்து நிற்கும். கால்குலேட்டர் தொடாமல் தாளில் கூட்டினால் அதன் ருசியே வேறு. முதல் முச்சந்தி 101-லேயே வந்துவிட, முதல் நாற்சந்திக்குப் பதினான்கு இலக்கம் வரை நடக்க வேண்டியிருக்கிறது.

பொதுவாகச் சொல்லும்போது சந்தி எண், பிரித்துச் சொல்லும்போது முச்சந்தி, நாற்சந்தி என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கணச் சந்தியோடு குழம்புமா என்றால், வகுப்பு வேறு, இடம் வேறு, குழம்பாது.

ஹர்ஷத் எண்ணையும் இப்போதே தமிழாக்கிவிட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தன் இலக்கங்களின் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண். 1729 அதில் ஒன்று, 1+7+2+9=19, 19×91=1729, திருப்பிப் போட்ட எண்ணே காரணியாக நிற்கிறது. சமஸ்கிருதத்தில் மகிழ்ச்சி தருவது என்ற பொருளில் கப்ரேகரே வைத்த பெயர், அதை அப்படியே விட்டுவிடுங்கள். மகிழ்வெண் என்று மாற்றினால் இலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டிக்கொண்டே போய் 1-ல் முடிகிற எண்களோடு மோதும் (7, 49, 97, 130, 10, 1), அவற்றுக்குத்தான் மகிழ்வெண் தேவைப்படும்.

கடைசியாக, ‘இலக்கங்களின் கூடுதல்’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதி நீள்கிறது. ‘இலக்கத்தொகை’ என்று ஒரே சொல்லாக்கலாம். மலையாளத்தில் கூட்டுத்தொகைக்கு ‘துக’ என்பார்கள், நம் தொகைதான், இங்கே பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

ஆக, பட்டியலில் ஏற்ற நான் கேட்பது இலக்கத்தொகை, பிறப்பி, பிறவா எண், சந்தி எண். தான்தோன்றியைப் பிறவா எண்ணுக்கு நேரே மாற்றுச்சொல்லாகச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, முதற்சொல்லாக வேண்டாம். குமரி ஐயா, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தாந்தோன்னியை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மூணாறு, செங்கோட்டைப் பக்கம் ஆசிரியர்கள் இருந்தால் அவர்களும் சொல்லட்டும். முச்சந்தியில் வெளியே போகிற பாதையையும் எண்ணுவதா, உள்ளே வருவதை மட்டும் எண்ணுவதா என்பதிலும் உங்கள் கருத்து வேண்டும், வரையறை எழுதும்போது அதுதான் முதலில் இடிக்கும்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து