மறு: ஸ்டெல்லாரியா மீடியாவுக்குத் தமிழ்ப் பெயர் – ‘மயிர்வரிப் பூண்டு’ எப்படி?

அன்பின் நண்பர்களே,

மரக்கறிப் பாத்திகளில் களையாகப் படரும் ஸ்டெல்லாரியா மீடியாவுக்கு (ஆங்கிலத்தில் சிக்வீட்) நம் கலைச்சொல் தொகுப்புக்காக நீங்கள் முன்வைத்த ‘கோழிக்கீரை’, ‘வெண்மீன் பூண்டு’ இரண்டையும் பார்த்தேன். முதலாவது ஆங்கிலத்துச் சிக்வீட்டை அப்படியே தமிழாக்கியது. கோழி விரும்பித் தின்னும் பூண்டு வேறு பலவும் உண்டு. இரண்டாவது அழகான சொல். லத்தீனில் ஸ்டெல்லா என்றால் விண்மீன்தான். ஆனால் பூவைப் பார்த்தால்தான் ஆள் தெரியும் என்றால் மரக்கறித் தோட்டக்காரருக்கு அந்தப் பெயரால் பயன் குறைவு. முளைத்து ஐந்தாறு கிழமைக்குள் இது விதை போட்டுவிடும், அதுவும் ஆயிரக்கணக்கில். பூக்கும்வரை விட்டுவைத்தால் அடுத்த போகத்துக் களைக்கும் நாமே விதை போட்டதாகிவிடும்.

பெயர், பூவுக்கு முன்பே கண்ணில் படும் அடையாளத்திலிருந்து வரவேண்டும் என்பது என் கருத்து. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் கரட் பாத்தியிலோ, லீக்ஸ் வரிசைக்கு நடுவிலோ, முற்றத்துப் புல்தரையிலோ படர்ந்திருப்பதில் ஒரு தண்டைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை மயிர் ஒரே கோடாக ஓடும். கணு வந்ததும் கோடு வேறு பக்கம் மாறும், அடுத்த கணுவில் மறுபடி மாறும். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பு. தண்டை மெல்ல இழுத்தால் வெளித்தோல் அறுந்த பிறகும் உள்ளே ஒரு நரம்பு அறாமல் ரப்பர் மாதிரி இழுபடும். பூ வந்துவிட்டால் சிக்கலே இல்லை: இதழ் ஐந்துதான், ஒவ்வொன்றும் அடிவரை பிளந்திருப்பதால் பத்துப் போலத் தெரியும்.

இந்த மயிர்க்கோடுதான் இதன் சாயலில் உள்ள செராஸ்டியம், ட்ரைமேரியா, அனகாலிஸ் ஆகிய மற்றக் களைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. செராஸ்டியத்துக்குத் தண்டு முழுக்க, இலையிலும்கூட மயிர். தேயிலை மலையில் காணும் ட்ரைமேரியாவுக்கு இலை வட்டம். பூக்காம்பின் பிசுபிசுப்பால் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கில் ஒட்டிக்கொண்டு வரும். அனகாலிஸுக்குச் சதுரத் தண்டு, இலையின் அடியில் கரும்புள்ளி. மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள் இதைக் கட்டாயம் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் அனகாலிஸ் கால்நடைக்கு நஞ்சு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தமிழகத்து நண்பர் ‘மயிர்’ வேண்டாம், ‘தூவி’ என்று வைக்கலாம் என்கிறார். அங்கே வேர்த்தூவி என்று படிக்கிறார்கள், அவர் தயக்கம் புரிகிறது. இங்கே இலங்கையில் பிள்ளைகள் வேர்மயிர் என்றுதான் படிக்கிறார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை. ‘சுணை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சுணை என்றால் அரிக்கும் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். இந்தப் பூண்டு அரிக்காது. பலர் கீரையாகச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள்.

ஆகவே தண்டில் ஓடும் அந்தக் கோட்டுக்கு ‘மயிர்வரி’, செடிக்கு ‘மயிர்வரிப் பூண்டு’. இரண்டையும் தனித்தனிச் சொல்லாகத் தொகுப்பில் சேர்க்கும்படி கேட்கிறேன். தமிழகப் பதிப்பில் ‘தூவிவரி’ என்று இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

செராஸ்டியத்துக்கு ‘முழுமயிர்ப் பூண்டு’ என்று வைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்கும். அந்த இனத்துக்கு ஊர்ப்பெயர் ஏதாவது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வழங்கினால் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.