தாம்பூலப் பையில் என்ன?

(குழு: அம்பை – பெர்த் குடும்பம்)

மீனா: எல்லாருக்கும் வணக்கம் 🙏 ரோலிஸ்டோன் வீட்டுக்கு வைகாசியில் பால் காய்ச்சுகிறோம். ஜோசியர் இரண்டு நாள் குறித்திருக்கிறார், ஒன்றை முடிவு செய்து சொல்கிறேன். தாம்பூலப் பையில் என்ன வைக்கலாம்? எவர்சில்வர் கிண்ணம் மட்டும் வேண்டாம். போன தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வி சித்தி: யார் சிரித்தது

மீனா: பொதுவாகச் சொன்னேன் சித்தி

செல்வி சித்தி: அந்தக் கிண்ணம் நான் எடுத்தது

லட்சுமி அத்தை: நல்ல கனமான கிண்ணம். இங்கே அம்பையில் நான் இன்னும் தயிர் உறை ஊற்றுவது அதில்தான்.

ரவி அண்ணன்: பால்காய்ப்புக்கு அழைப்பு வாட்ஸ்அப்பிலேயே வந்துவிட்டது. நல்லது.

மீனா: அழைப்பு இல்லை அண்ணா, யோசனை கேட்டேன்

குமார்: (படம்) வீட்டு முன்னால் நிற்பது. காம்பு முழுக்கக் காய்.

ரவி அண்ணன்: இதென்ன மாப்பிள்ளை, தலைவிரி கோலமாக ஒரு மரம்

சங்கர் சித்தப்பா: ரவி, அதன் பெயர் பால்கா. இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் வைத்த பெயர். கிராஸ் ட்ரீ என்று நர்சரியில் எழுதியிருப்பான். தாவரப் பெயர் ஸாந்தோரியா பிரெய்சி. ஸாந்தோரியா பேரினத்தில் ஏறக்குறைய 30 இனம் உண்டு. அத்தனையும் ஆஸ்திரேலியாவில்தான், வேறு எந்த நாட்டிலும் தானாக முளைப்பதில்லை. இதன் பிசினைச் சூடாக்கிக் கரித்தூள் கலந்து கல் கோடரிக்குக் கைப்பிடி ஒட்டினார்கள். பூக்காம்பு காய்ந்ததும் அதைக் கடைந்து நெருப்பு உண்டாக்கினார்கள். பூவைத் தண்ணீரில் ஊறவைத்தால் இனிப்பான பானம். மீனா, கிண்ணமும் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். நம் வீட்டு மரத்து விதையை நானே நாற்றுப் போட்டு, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு தொட்டி கொடுத்துவிடுகிறேன். பெர்த்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் இதுவரை செய்திருக்க மாட்டார்கள்.

செல்வி சித்தி: தொடங்கியாச்சு

லட்சுமி அத்தை: வேப்பமரத்தை வெட்டினவனா இது பேசுகிறது

சங்கர் சித்தப்பா: அக்கா, அது கரண்ட் லைனில் இடித்தது. மேலிடத்து உத்தரவு.

லட்சுமி அத்தை: முற்றத்து வேம்பு எந்த லைனில் இடித்தது? அப்பா அதன் கீழேதான் கட்டில் போட்டுப் படுப்பார்.

மீனா: அத்தை, தாம்பூலப் பை 🙏

சங்கர் சித்தப்பா: செய்முறை எழுதுகிறேன். யாரும் குறுக்கே பேச வேண்டாம். காய்கள் கூர்முனை உள்ளவை, கையில் குத்தும். பச்சையில் பறித்தால் வீண். பழுப்பாகி நுனி வெடிக்கத் தொடங்கியதும் காம்பின் தலையைச் சாய்த்து, கீழே பழைய வேட்டியை விரித்து உலுக்க வேண்டும்.

செல்வி சித்தி: எந்த வேட்டி

சங்கர் சித்தப்பா: விதை கறுப்பாக, தட்டையாக, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பூச்சி துளைத்ததைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். இந்த ஊர் விதைகள் பலவற்றுக்குப் புகை பட்டால்தான் உறக்கம் கலையும். ஆகவே முறத்தில் பரப்பிச் சாம்பிராணி காட்டலாம் என்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை செய்தால் இரண்டு வேலையும் முடிந்தது.

கார்த்திக்: சின்னத் தாத்தா, சாம்பிராணி வேண்டாம்

கார்த்திக்: புகையில் விதையை எழுப்பும் பொருள் எது என்று 2004-ல் கண்டுபிடித்ததே பெர்த்தில்தான். கிங்ஸ் பார்க் தாவரவியல் பூங்கா ஆட்களும் அதில் உண்டு. ஆனால் பால்கா விதைக்கு அது தேவையில்லை. வெந்நீர், உரசல் ஒன்றும் வேண்டாம். புது விதையாக இருந்தால் சும்மா விதைத்தாலே முளைக்கும்.

கார்த்திக்: தீ தேவைப்படுவது பூப்பதற்கு

லட்சுமி அத்தை: தீ பட்டால் பூக்குமா!

கார்த்திக்: ஆமாம் ஆச்சி. காடு எரிந்த பிறகு வரும் வசந்தத்தில் கூட்டமாகப் பூக்கும். குருத்து உள்ளே பத்திரமாக இருக்கும், வெளியே தொங்கும் காய்ந்த இலைதான் எரியும். தீ இல்லாமலும் பூக்கும், ஆனால் எப்போதாவதுதான்.

குமார்: என் பயமே அதுதான். அந்தக் காய்ந்த இலை முழுக்க ஜன்னல் பக்கம் தொங்குகிறது. கோடைக்கு முன்னால் வெட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

மீனா: வெட்டாதீங்க. அதன் அடியில் குவெண்டா குடியிருக்கிறது.

லட்சுமி அத்தை: யார் அது, வாடகைக்கா

மீனா: இல்லை அத்தை 😂 மூக்கு நீண்ட சின்னப் பிராணி. குட்டியை வயிற்றுப் பையில் வைத்திருக்கும்.

லட்சுமி அத்தை: பெருச்சாளி என்று சொல். பிள்ளையார் வாகனம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ரவி அண்ணன்: தீ என்றதும் ஞாபகம் வருகிறது. ஹோமம் உண்டா? எங்கள் வீட்டு ஹோமத்தில் ஸ்மோக் அலாரம் அடித்ததில் ஐயர் மந்திரத்தை விட்டு ஓடினார்.

செல்வி சித்தி: ஓடவில்லை. நாற்காலி எடுக்கப் போனார், பேட்டரியைக் கழற்ற.

குமார்: இங்கே வெளித் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம் மச்சான். கோடை என்றால் முழுத் தீத்தடை நாள் பார்க்க வேண்டும். வைகாசிக்குள் குளிர்ந்துவிடும்.

சங்கர் சித்தப்பா: தொடர்கிறேன். மண்: கடையில் விற்கும் நேட்டிவ் மிக்ஸ் இரண்டு பங்கு, கரட்டு மணல் ஒரு பங்கு. தண்ணீர் நிற்கவே கூடாது. விதையின் கனத்துக்கு மேல் மண் மூடினால் போதும். வேர் நேராகக் கீழே இறங்கும், ஆகவே அகலச் சட்டி உதவாது, ஆழமான குழாய்த் தொட்டி வேண்டும். இப்போது மார்ச் முடிகிறது, வெயில் தணிந்து மழைக்கு முந்தைய இந்தப் பருவம்தான் சரி. தொழு உரம் ஒரு கைப்பிடி.

கார்த்திக்: தொழு உரம் வேண்டாம்

சங்கர் சித்தப்பா: அரைக் கைப்பிடி

கார்த்திக்: தாத்தா

சங்கர் சித்தப்பா: சரி, வேண்டாம். வாளித் தண்ணீரில் நாட்டுச் சர்க்கரை கரைத்து ஊற்றலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைக்கு அது நல்லதாம்.

கார்த்திக்: பெரிய மரத்தை இடம் மாற்றி நட்டால் அப்படிச் செய்வார்கள். நாற்றுக்கு வேண்டாம்.

லட்சுமி அத்தை: எறும்பு வரும்

ரவி அண்ணன்: ஒரு மரத்து விதை இத்தனை பேருக்குப் போதுமா? ஜான் ஃபாரஸ்ட் பார்க்கில் எத்தனையோ நிற்கிறது. நடக்கப் போகும்போது நான் இரண்டு காம்பு எடுத்து வருகிறேன்.

கார்த்திக்: அப்பா அது நேஷனல் பார்க். உரிமம் இல்லாமல் விதைகூட எடுக்கக் கூடாது. நம் சொந்த இடத்து மரம் என்பதால்தான் இது சரி.

கார்த்திக்: காட்டு மண்ணும் வேண்டாம். ஜாரா மரக் காட்டைப் பட்டுப்போக வைக்கிற டைபேக் கிருமி மண்ணிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு வரும். பால்காவுக்கு அதுதான் எமன். பழைய தொட்டியை எடுத்தால் பிளீச்சில் கழுவுங்கள்.

செல்வி சித்தி: எங்கள் கராஜில் இப்போதே பழைய தொட்டி மலையாகக் கிடக்கிறது. யார் கழுவப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மீனா: முளைக்க எத்தனை நாள் சித்தப்பா?

சங்கர் சித்தப்பா: நாலு வாரம், எட்டு வாரம். சிலது இன்னும் தாமதிக்கும்.

ரவி அண்ணன்: அப்படியென்றால் பால்காய்ப்பு அன்று தொட்டியில் என்ன இருக்கும்

கார்த்திக்: ஒரு இலை

கார்த்திக்: அல்லது மண்

ரவி அண்ணன்: மீனா வீட்டுக்குப் போனோம், புல்லைக் கொடுத்து அனுப்பினார்கள் என்று பேசப் போகிறார்கள்

குமார்: தண்டு எப்போது வரும் மாமா?

சங்கர் சித்தப்பா: நல்ல கேள்வி. முதல் பல வருடம் தண்டு மண்ணுக்கு அடியில்தான். வேரே சுருங்கித் தண்டைக் கீழே இழுத்து வைத்துக்கொள்ளும், மேலே தீ வந்தாலும் குருத்து தப்பிக்கும். எங்கள் லைன் கம்பத்துக்கு நாம் குழி தோண்டி இறக்க வேண்டும், இது தன்னைத்தானே இறக்கிக்கொள்கிறது. மண்ணுக்கு மேல் தண்டு தெரிய 20 வருடம் வைத்துக்கொள். அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை. வாசலில் நிற்பது குமாரின் மார்பு உயரம். அப்படியானால் அதற்கு 100 வயதுக்குக் குறையாது.

லட்சுமி அத்தை: பாரதியார் நம் கடையத்தில் இருந்த காலத்து மரமா

சங்கர் சித்தப்பா: அவர் அங்கே இருந்தது 1918 முதல் 1920 வரை. கிட்டத்தட்ட சரி அக்கா.

செல்வி சித்தி: உங்களுக்கு இப்போது 71

சங்கர் சித்தப்பா: அதற்கென்ன

செல்வி சித்தி: ஒன்றுமில்லை. காலை மாத்திரை போட்டாச்சா

ரவி அண்ணன்: சித்தப்பா, இவ்வளவு பாடு எதற்கு? தண்டோடு நர்சரியில் விற்கிறான். வாசலுக்கு இன்னொன்று வாங்கி ஜோடியாக நிறுத்தினால் பார்க்க லட்சணம்.

கார்த்திக்: விலை பார்த்தீர்களா? உயரத்தைப் பொறுத்து நூற்றுக்கணக்கான டாலர். சுரங்கத்துக்கும் சாலைக்கும் காட்டை அழிக்கும்போது உரிமம் வாங்கித் தோண்டி எடுப்பவை அவை. வேர் போயிருந்தாலும் ஓரிரு வருடம் பச்சையாகவே நிற்கும், அப்புறம்தான் தெரியும் செத்துப்போனது.

ரவி அண்ணன்: அம்பை வயல் கணக்கு மாதிரி

ரவி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லட்சுமி அத்தை: நான் பார்த்துவிட்டேன் ரவி

லட்சுமி அத்தை: (குரல் செய்தி 2:41)

மீனா: அத்தை அந்தப் பேச்சு இங்கே வேண்டாம், நான் சாயங்காலம் கூப்பிடுகிறேன்

சங்கர் சித்தப்பா: முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது அல்லவா, காம்பின் வடக்குப் பக்கத்துப் பூதான் முதலில் விரியும். காட்டில் திசை தெரியாதவன் இதைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடிக்கலாம்.

லட்சுமி அத்தை: வடக்கு குபேரன் திசை. வாசலில் அப்படி ஒரு மரம் நிற்பது நல்ல சகுனம். குமாரிடம் சொல், இலையைக்கூடத் தொட வேண்டாம்.

குமார்: 🙏

செல்வி சித்தி: நான் ஒன்று சொல்லட்டுமா? கறிவேப்பிலைக் கன்று கொடுப்போம். என் தாய்ச்செடியைச் சுற்றிப் பக்கக் கன்று நிறைய வந்திருக்கிறது. வாங்கினவர்கள் ஆடி முடிவதற்குள் கிள்ளித் தாளிக்கலாம்.

மீனா: ஐயோ சித்தி இது நல்லா இருக்கே

கார்த்திக்: குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை கொட்டிவிடும், ஆடி சந்தேகம்தான்

செல்வி சித்தி: உன் அம்மா வாரா வாரம் என்னிடம்தான் கறிவேப்பிலை வாங்குகிறாள், கேட்டுப் பார்

கார்த்திக்: 😶

சங்கர் சித்தப்பா: கறிவேப்பிலையை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

செல்வி சித்தி: யார் கொடுத்தார்கள்? ஒரு வீட்டில் கொடுத்ததைச் சொல்லுங்கள்.

லட்சுமி அத்தை: சங்கரா, அந்த விதை நாலு எனக்கும் அனுப்பு. செப்டம்பரில் மீனா வரும்போது பெட்டியில் போட்டுவிடு. வேம்பு நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

மீனா: அத்தை, விதை கொண்டு வர அனுமதிச் சீட்டு, சான்றிதழ் எல்லாம் வேண்டும். அப்படி எடுத்து வர முடியாது.

லட்சுமி அத்தை: நாலு விதைதானே. மஞ்சள் பொடிக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும்

மீனா: போன தடவை இங்கே வரும்போது உங்கள் கறிவேப்பிலைப் பொட்டலம் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போனது மறந்துவிட்டதா

லட்சுமி அத்தை: அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போட்டாள்

சங்கர் சித்தப்பா: அக்கா, அம்பை மழைக்கும் வெக்கைக்கும் இது தாங்காது. இங்கே மழை குளிர்காலத்தில், கோடை முழுக்கக் காய்ச்சல். நம் ஊரில் வேர் அழுகிவிடும்.

லட்சுமி அத்தை: நீ ஒரு வேப்பங்கன்றாவது வந்து நட்டுவிட்டுப் போ

சங்கர் சித்தப்பா: பார்க்கலாம் அக்கா. தை மாதம் டிக்கெட் விலை பார்க்கிறேன்.

செல்வி சித்தி: எனக்கே இது புதுச் செய்தி

குமார்: மாமா, நாற்றுக்கு ஸ்பிரிங்ளரில் தனி லைன் இழுக்கவா? ஆனால் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கே ஸ்பிரிங்ளரை அணைத்து வைக்க வேண்டும்.

சங்கர் சித்தப்பா: வேண்டாம் குமார், பூவாளி போதும். குளிர்கால மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மண் காயவும் கூடாது, சொதசொத என்றும் இருக்கக் கூடாது. நாளை காலை எட்டு மணிக்கு ஏணியோடு வருகிறேன், காம்பு ஆள் உயரத்துக்கு மேல் போகிறது.

செல்வி சித்தி: ஏணி ஏறப் போகிறவர் யார்

சங்கர் சித்தப்பா: கார்த்திக்

கார்த்திக்: நாளை எனக்கு வேலை இருக்கிறது. பத்து மணிக்கு மேல் என்றால் வருகிறேன்.

மீனா: சரி, இப்படி வைத்துக்கொள்ளலாமா? பையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், சித்தியின் கறிவேப்பிலைக் கன்று. சித்தப்பா விதையைக் காகித உறையில் போட்டு, எப்படிப் போடுவது என்று ஒரு சீட்டு. நாற்று வந்தால் அடுத்த வருடம் கொடுப்போம்.

சங்கர் சித்தப்பா: சீட்டு நான் எழுதுகிறேன். இரண்டு பக்கம் வரும்.

மீனா: அரைப் பக்கம் சித்தப்பா

சங்கர் சித்தப்பா: டைபேக் பற்றி மட்டுமே அரைப் பக்கம் வேண்டும்.

செல்வி சித்தி: கன்றுக்குத் தொட்டி, பை எல்லாம் இன்றே சொல்லி வைக்க வேண்டும். நூற்றிருபதா, நூற்றைம்பதா?

மீனா: நூற்றிருபது போதும் என்று நினைக்கிறேன்

செல்வி சித்தி: ரவியின் சம்பந்தி வீட்டை எண்ணியாச்சா

செல்வி சித்தி: மீனா?

ரவி அண்ணன்: நாங்கள் வருகிறோம் என்று யார் சொன்னது

கார்த்திக்: அப்பா

குமார்: மச்சான், போனை எடுங்க. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

சங்கர் சித்தப்பா: அந்த நேட்டிவ் மிக்ஸ் பெரிய மூட்டை யாராவது காரில் கொண்டு வர முடியுமா? எங்கள் கார் சர்வீஸில் இருக்கிறது.