எல்லாம் இயற்பியல் விதிப்படி என்றால் சுயவிருப்பத்துக்கு இடம் எங்கே?

வினாக்குறி:
பிரபஞ்சத்தின் இந்த நொடி நிலையும் இயற்பியல் விதிகளும் சேர்ந்து அடுத்த நொடியை ஒரே ஒரு வழியில்தான் அனுமதிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814-ல் வரைந்த படம் இதுதான்: இவை அனைத்தையும் அறிந்த ஓர் அறிவு இருந்தால், வரப்போவதையெல்லாம் முன்பே கணித்துவிடும்.

இனி என் வாதம். நான் பிறப்பதற்கு முந்தைய உலகம் என் கையில் இல்லை. இயற்பியல் விதிகளும் என் கையில் இல்லை. நான் இன்று செய்வது இந்த இரண்டிலிருந்தும் தப்பாமல் வந்து சேர்கிறது. ஆகவே அதுவும் என் கையில் இல்லை. இதில் எந்தப் படி தவறு? போதாததற்கு, நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் லிபெட்டின் சோதனையைக் காட்டுகிறார்கள். அணுவளவில் சில நிகழ்வுகள் தற்செயலாக நடக்கின்றன என்கிறார்களே, அந்தக் குவாண்டம் தற்செயல் நம்மைக் காப்பாற்றுமா?

ஊசல்:
இந்த வாதத்தை முறைப்படி வடித்தவர் தத்துவவாதி பீட்டர் வான் இன்வாகன். 1983-ல் நூலாகவே வந்தது. அசைத்துப் பார்க்க வேண்டிய இடம் கடைசிப் படி. "கையில் இல்லை" என்பது அங்கே சத்தமில்லாமல் பொருள் மாறுகிறது.

ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் உரசிப் பாருங்கள்: நான் வேறு மாதிரி விரும்பியிருந்தால் இது மாறியிருக்குமா? பத்து கோடி ஆண்டுக்கு முந்தைய உலகம் மாறியிருக்காது. ஈர்ப்பு விதியும் மாறியிருக்காது. இப்போது கை உயர்ந்ததா இல்லையா என்பது? மாறியிருக்கும். முதல் இரண்டுக்கும் பொருந்தும் "கையில் இல்லை" மூன்றாவதற்குப் பொருந்தவில்லை. தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1981-ல் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். "நான் கையை உயர்த்தியிருந்தால், அதற்குச் சற்று முன் ஏதோ ஒரு விதி மீறப்பட்டிருக்கும்" என்பது ஒன்று. "என் கையசைவே விதியை உடைக்கும்" என்பது வேறு. முதலாவதை ஒப்புக்கொள்வதால் யாருக்கும் மந்திர சக்தி வந்துவிடாது. வாதம் வெல்ல வேண்டுமானால் இரண்டாவது தேவை.

தமிழில் இதைப் பேசும்போது இன்னொரு வழுக்கலும் உண்டு. ஈர்ப்பு விதிக்கும் தலைவிதிக்கும் நம்மிடம் ஒரே சொல். தலைவிதி சொல்வது, நீ என்ன செய்தாலும் நடப்பது நடக்கும் என்று. இயற்பியல் விதி சொல்வதோ, நடப்பது நீ செய்வதன் வழியாகவே நடக்கும் என்று. "பிழைக்க வேண்டும் என்றிருந்தால் மருந்தில்லாமலும் பிழைப்பான்" என்பது முதல் வகைப் பேச்சு. கி.மு. 3-ம் நூற்றாண்டிலேயே ஸ்டோயிக் தத்துவவாதி கிரைசிப்பஸ் இதை மறுத்துவிட்டார்: பிழைப்பது விதிக்கப்பட்டிருந்தால், மருத்துவரை அழைப்பதும் அதோடு சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு சதுரங்க நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிலை, ஒரே தேடல் ஆழம், தற்செயல் எண் எதுவும் இல்லை. ஆயிரம் முறை ஓட்டினாலும் அதே நகர்வுதான் வரும். "எப்படியும் முடிவான நகர்வுதானே" என்று தேடும் பகுதியை நீக்கிவிட்டால்? அந்த நகர்வு வராது. மாற்று வழிகளை எடைபோடும் அந்த வேலைதான் நகர்வை நிர்ணயிக்கிறது. மனிதரின் யோசனையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கரிமம்:
லிபெட் சோதனையைப் பற்றி மட்டும். அது சொல்லாததையெல்லாம் அதன் தலையில் ஏற்றுகிறார்கள்.

2.56 நொடிக்கு ஒரு சுற்று வரும் ஒளிப்புள்ளி. பங்கேற்பவர் தனக்குத் தோன்றும்போது கையை மடக்க வேண்டும். அந்தத் தூண்டல் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். ஒரு தொடருக்கு 40 முறை. 1983-ல் வந்த முடிவு: ஆயத்த மின்னழுத்தம் (அசைவுக்கு முன் மூளையில் மெல்ல மேடாக எழும் மின்சைகை) தசை அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன் தொடங்குகிறது, தூண்டலை உணர்ந்ததாகச் சொன்ன நேரமோ சுமார் 200 மில்லிநொடி முன்.

சிக்கல் சராசரி எடுப்பதில். ஒற்றைப் பதிவில் இரைச்சலுக்குள் அந்த மேடு தெரியாது. ஆகவே 40 பதிவுகளையும் தசை அசைந்த கணத்தில் ஒன்றாக நிறுத்தி, பின்னோக்கிச் சராசரி எடுக்கிறார்கள். அசைவு நிகழாத நேரங்கள் கணக்கிலேயே வருவதில்லை. 2012-ல் ஷர்கரும் சகாக்களும் காட்டியது: மூளையின் இரைச்சல் தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது என்று எடுத்துக்கொண்டாலே அதே வளைவு கிடைக்கிறது. அப்படியானால் மேட்டின் தொடக்கம் முடிவெடுத்த தருணம் அல்ல.

2008-ல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வையும் இழுப்பார்கள், பல நொடி முன்பே இடதா வலதா என்று கணித்ததாக. துல்லியம் சுமார் 60 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே 50. மேலும் இவையெல்லாம் காரணமே இல்லாத அசைவுகள். 2019-ல், எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு உண்மையில் பணம் போக வேண்டும் என்று தேர்வு செய்யச் சொன்னபோது அந்த மேடு பெரும்பாலும் காணாமல் போனது.

நூலேணி:
குவாண்டம் காப்பாற்றாது. ஓர் அணு எப்போது சிதையும் என்பதைப் பொறுத்து உங்கள் முடிவு மாறினால், அது உங்களுடையதாக ஆகிவிடுமா? இன்னும் விலகித்தான் போகும். குவாண்டம் இயங்கியலுக்கே இயற்பியலாளர் டேவிட் போம் 1952-ல் முழுக்க நியதிப்படி இயங்கும் வடிவம் ஒன்றைத் தந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாப்லாஸ் படத்தில் நிர்ணயமும் கணிப்பும் ஒன்றாகக் குழைந்துகிடக்கின்றன. ஒரு விளக்கு, ஒரு திரை, ஒரு சென்சார். திரையில் "எரியும்" என்று கணிப்பு வந்தால் சென்சார் விளக்கை அணைக்கும். "எரியாது" என்று வந்தால் எரியவைக்கும். முழுக்க நியதிப்படி இயங்கும் பொருள்தான். எவ்வளவு பெரிய அறிவும் அந்தத் திரையில் சரியான விடையை எழுத முடியாது. உறையில் போட்டு ஒட்டிவைத்தால் எழுதலாம். "நான் என்ன செய்வேன் என்பது முன்பே தெரியும்" என்ற அச்சம் பெரும்பாலும் திரையைப் பற்றியது, உறையைப் பற்றியதல்ல.

மறுபக்கம்:
ஊசல் சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன். "வேறு மாதிரி விரும்பியிருந்தால்" என்கிறீர்கள். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? தத்துவவாதி டெர்க் பெரெபூம் கேட்பது இதைத்தான். ஒருவர் கொலை செய்ய முடிவெடுக்கும்படி விஞ்ஞானிகள் அவர் மூளையை அமைத்துவிட்டார்கள். அவரும் யோசிக்கிறார், காரணங்களை எடைபோடுகிறார், ஆனாலும் குற்றம் அவருடையதல்ல என்போம். விஞ்ஞானிகள் இருந்த இடத்தில் பரம்பரையையும் வளர்ப்பையும் வைத்தால் எது மாறுகிறது?

வினாக்குறி:
சதுரங்க நிரல் எடுத்துக்காட்டில் தெளிந்தது இந்தக் கேள்வியில் மறுபடி கலங்குகிறது.

ஊசல்:
அது வலுவான கேள்வி. ஒரு வித்தியாசம் உண்டு. விஞ்ஞானிகள் ஒரு குறிப்பிட்ட முடிவு வந்தே தீர வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறார்கள். புதுக் காரணம் ஒன்று குறுக்கே வந்தால் அதையும் திருத்துவார்கள். வளர்ப்பு அப்படிக் காவல் நிற்பதில்லை. புதுத் தகவல் தந்தால் அந்த ஆள் முடிவை மாற்றிக்கொள்வாரா என்று சோதிக்கலாம். மாற்றிக்கொள்பவரிடம் "ஏன் செய்தாய்" என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. தூக்கத்தில் நடப்பவரிடம் இல்லை. ஆனால் ஒரே ஒரு முறை அமைத்துவிட்டு விஞ்ஞானிகள் ஒதுங்கிவிட்டால் என் பதில் பலவீனமாகிறது. அங்கே நான் காப்பது பதில் சொல்லும் பொறுப்பை மட்டும்தான். அவர் துன்பப்படத் தகுந்தவர் என்பதை அந்த ஆதாரத்தின் மேல் கட்ட முடியாது. அந்த அளவில் மறுபக்கம் சொல்வது சரி.