ஸ்மார்ட் ஹோம்: ‘திறன் இல்லம்’ வேண்டாம், ‘தன்னியக்க வீடு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்மார்ட் ஹோம் மென்பொருளுக்கான நம் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘திறன் இல்லம்’ என்று இருப்பதையும் வேறு சில சொற்களையும் மாற்றலாம் என்பது என் கருத்து. எழுந்த கேள்விகளை மேற்கோளாக இட்டுப் பதில் எழுதுகிறேன்.

> ஸ்மார்ட்ஃபோன் திறன்பேசி ஆகி, ஊரே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே வழியில் திறன் இல்லம், திறன் செருகி, திறன் மானி என்று போய்விடலாமே?

திறன்பேசியில் எனக்கு மறுப்பே இல்லை, அது வேரூன்றிவிட்ட சொல். ஆனால் அந்தத் திறனை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே இடிக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்பதற்குத் திறன் என்றுதான் இருக்கிறது, வாட் என்பது திறனின் அலகு என்று படித்துத்தான் வந்திருக்கிறோம். மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்றின் திரையைத் திறந்து பாருங்கள், வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட் எல்லாம் வரிசையாக வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி ஒன்றை அதில் மாட்டினால் ‘திறன்: 28 வாட்’ என்று காட்டியாக வேண்டும், அதற்கு மேலே தலைப்பில் ‘திறன் செருகி’ என்று இருக்கும், படிப்பவர் எந்தத் திறனை எப்படி எடுத்துக்கொள்வார்? ‘திறன் மானி’ இன்னும் மோசம். அது வாட் அளக்கும் கருவியா, மின்வாரியம் பொருத்தும் ஸ்மார்ட் மீட்டரா? இலங்கை நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது, அங்கே பவர் என்றால் வலு. ஆனால் நம் மொழிபெயர்ப்புக் கோப்பு இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒன்றுதானே.

இல்லமும் எனக்கு உறுத்துகிறது. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று அந்தச் சொல் ஒரு நிறுவனத்தின் பெயராகவும் பழகிவிட்டது, ‘திறன் இல்லம்’ என்று பலகை வைத்தால் தொழிற்பயிற்சி தரும் இடம் என்றுதான் தெருவில் போகிறவர் நினைப்பார். வீடு என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? வீட்டு மின்சாரம், வீட்டு வாடகை, வீட்டு வரி என்று எங்கும் பொருந்துகிற சொல் அது.

> அப்படியானால் சூட்டிகை வீடு? சொல் அழகாக இருக்கிறதே.

அழகான சொல்தான். சூட்டிகையான பிள்ளை என்று பாட்டி சொல்லும்போது அதில் ஒரு வாஞ்சை இருக்கிறது. ஆனால் அது பாராட்டுச் சொல், ஒரு பொருள் என்ன செய்கிறது என்று சொல்லாமல் அதை மெச்சுகிற சொல். ஆங்கிலத்தில் ஸ்மார்ட் செய்கிற வேலையும் இதுதான், விற்பவருக்கு வசதியான அடைமொழி. கைப்பேசியிலிருந்து அணைக்கக்கூடிய பல்பும் ஸ்மார்ட், ஆள் வந்தால் தானே எரியும் பல்பும் ஸ்மார்ட், நாம் திருப்பித் திருப்பி வைக்கும் வெப்பநிலையைப் பார்த்துப் பழகிக்கொள்கிற தெர்மோஸ்டாட்டும் ஸ்மார்ட். மூன்றும் மூன்று வேறு வேலை. இவற்றை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற ஆங்கிலச் சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இந்தத் துறை தொடங்கியபோது ஸ்மார்ட் என்ற பேச்சே பெரிதாக இல்லை. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் எக்ஸ்10 என்ற நெறிமுறையை (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை) உருவாக்கியது, தனிக் கம்பி எதுவும் இழுக்காமல் வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் குறிகையை (சிக்னலை) ஏற்றி விளக்கைப் போடவும் அணைக்கவும் வைத்தார்கள். அந்த மரபுக்கு ஹோம் ஆட்டோமேஷன் என்றுதான் பெயர். அங்கிருந்து நாம் சொல்லை எடுத்தால் தடுமாற்றமே இல்லை: வீட்டுத் தன்னியக்கம், தன்னியக்க வீடு.

தானியங்கி ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். தனிக் கருவிக்குத் தாராளமாகச் சொல்லலாம், தானியங்கிச் சலவை இயந்திரம், தானியங்கிக் கதவு. ஆனால் இயங்குவது வேறு, இயக்குவது வேறு. ஒரு வீட்டில் உணரி (சென்சார்) ஒரு பக்கம் பார்க்கிறது, கட்டுப்படுத்தி முடிவெடுக்கிறது, ரிலே என்ற மின்சுவிட்சு இன்னொரு பக்கம் மோட்டாரைப் போடுகிறது. ஒன்று மற்றொன்றை இயக்குகிற இந்த ஏற்பாட்டைத் தன்னியக்கம் என்பதுதான் சரியாகப் பிடிக்கிறது. இலங்கையில் இது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல் என்பது கூடுதல் நன்மை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். தன்னியக்கம் என்ற சொல்லைக் கண்ட இடத்தில் ஒட்டக்கூடாது என்று ஒரு வரையறை வைத்துக்கொள்வோம். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து நடப்பது தன்னியக்கம். வேறொரு நாட்டுச் சேவையகத்தை (சர்வரை) கேட்டுவிட்டுத்தான் விளக்கு எரியும் என்றால் அது தொலையியக்கம். தன் என்று சொல்லிவிட்டு அடுத்தவன் கணினியை நம்பி நிற்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது. 2016 மே மாதம், வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் ஹப்பை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் சேவையகத்தோடு சேர்த்து நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் வெறும் டப்பா மிஞ்சியது. 2022 ஏப்ரலில், வீட்டுத் தன்னியக்கக் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின, செயலி வேலை செய்யவில்லை, ஆனால் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நேரடியாகப் பிணைத்து வைத்திருந்தவை தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒரே நிறுவனம், ஒரே வீடு, ஒரு பாதி தொலையியக்கம், ஒரு பாதி தன்னியக்கம். வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு தமிழ்ச் சொல்லிலேயே தெரிந்துவிட்டால் எவ்வளவு நல்லது! 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் 1.0 தரநிலையும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கருவிகள் பேசிக்கொள்வதை அடிப்படையாக வைத்திருக்கிறது, ஆகவே இந்த வேறுபாட்டுக்கு இனி வேலை அதிகம். (மேட்டர் ஒரு பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம்.)

அடுத்து, ஒரு தன்னியக்க விதியின் மூன்று பகுதிகளான ட்ரிக்கர், கண்டிஷன், ஆக்‌ஷன். விதியைத் தொடங்கிவைக்கும் ட்ரிக்கருக்குத் தூண்டல் என்று கோப்பில் பார்த்தேன். அது இண்டக்‌ஷனுக்கு என்றோ போய்விட்ட சொல், சமையலறையில் தூண்டல் அடுப்பு இருக்கிற வீட்டில் ‘தூண்டலைச் சேர்’ என்று பொத்தான் வைக்க முடியாது. வீட்டுத் தன்னியக்கத்துக்கான ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளே அண்மைப் பதிப்புகளில் இந்தக் கலைச்சொற்களை ஓரம் வைத்துவிட்டு எளிய அன்றாட ஆங்கிலச் சொற்களை இடைமுகத்தில் போட்டிருக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம், தமிழ் வாக்கியம் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்:

எப்போது: மேல்தொட்டி மட்டம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது
எனில்: சம்பில் தண்ணீர் இருந்தால்
செய்: மோட்டாரைப் போடு

சம்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும் என்பதால் நடு வரி வெறும் அழகுக்கு இல்லை, அதைத் தவறாகப் புரிந்துகொண்டு விட்டுவிட்டால் செலவு ஆயிரக்கணக்கில். அதனால்தான் ‘நிபந்தனை’ என்று கனமாக எழுதுவதைவிட ‘எனில்’ மேல் என்கிறேன், வாய்விட்டுப் படித்தாலே பொருள் விளங்கிவிடுகிறது. ஆவணங்களில் கலைச்சொல் தேவைப்படும் இடத்தில் தொடக்க நிகழ்வு, நிபந்தனை, செயல் என்று எழுதிக்கொள்ளலாம்.

சீன் என்பதற்குக் காட்சி என்று போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். திரையில் வியூ என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதற்கும் காட்சி என்றே போட்டிருக்கிறோம். சீன் என்பது சில விளக்குகளும் திரைச்சீலையும் மின்விசிறியும் எந்தெந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பது, அவ்வளவுதான். அதற்கு ஏற்பாடு என்று வைத்தால் படிக்கும் ஏற்பாடு, தூங்கும் ஏற்பாடு, விருந்தினர் ஏற்பாடு என்று பேச்சிலேயே உட்கார்ந்துவிடும். வழக்கமாக வரிசையாக நடக்கும் செயல்களைக் குறிக்கும் ரூட்டீனுக்கு வழமை. கருவிகளை ஒன்றாக இணைக்கும் ஹப்புக்கு இணைப்பு மையம் போதும், அதில் சண்டை வேண்டாம். ரிலே, ஜிக்பீ (கம்பியில்லா இணைப்பு முறை), வைஃபை அப்படியே இருக்கட்டும், எலக்ட்ரீஷியனிடம் ரிலே என்றுதான் கேட்கப் போகிறோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், குறிப்பாக வலு, திறன் பற்றி இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். திங்களன்று கோப்பில் திறன் இல்லம் வரும் வரிகளையும் காட்சி வரும் வரிகளையும் நானே எடுத்து மாற்றத் தொடங்குகிறேன். வாட் குறிக்கும் இடங்களில் திறன் அப்படியே நிற்கும், அதை யாரும் தொட வேண்டாம்.